விதிப்புத்தகத்தின் ஓரத்தில் நின்றவர்

2003 செப்டம்பர் 2. அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி லாயர் மில்லாய் என்ற தடுப்பாட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பியது. மில்லாய் சாதாரண ஆள் இல்லை. அணித் தலைவர்களில் ஒருவர். நான்கு முறை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். தொடர்ந்து நூறு ஆட்டங்களுக்கு மேல் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியவர். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்தார், அவ்வளவுதான். பஃபலோ பில்ஸ் அணி அவரை உடனே சேர்த்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பேட்ரியாட்ஸ் அணியின் முதல் ஆட்டமே பஃபலோவில், பஃபலோவுக்கு எதிராக. 31-0 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் தொலைக்காட்சியில் முன்னாள் வீரர் டாம் ஜாக்சன், "அவர்கள் தங்கள் பயிற்சியாளரை வெறுக்கிறார்கள்" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

அந்தப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். வெறுத்தார்களோ இல்லையோ, வழக்கமான பருவத்தை 14 வெற்றி, 2 தோல்வி என்று முடித்தார்கள். அக்டோபர் பிறந்த பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து 15 ஆட்டங்களை வென்று, சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தின் கோப்பையையும் தூக்கினார்கள். வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அதே பஃபலோவை அதே 31-0 கணக்கில் அடித்தார்கள் என்பதை ஒரு கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பெலிச்சிக்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்று கதைகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆறு சூப்பர் பௌல் வென்ற பெரிய தலைவர் என்பது ஒன்று. பாசமே இல்லாமல் வீரர்களைக் கழற்றிவிட்டவர் என்பது இன்னொன்று. ஏமாற்றுக்காரர் என்பது மூன்றாவது. எனக்கு இவை மூன்றும் ஒரே மனிதரின் ஒரே பழக்கமாகத்தான் தெரிகின்றன. எந்தக் கட்டுப்பாட்டைக் கொடுத்தாலும் அது எதுவரை விடும் என்று கடைசி அங்குலம்வரை அளந்து பார்க்கும் பழக்கம். அளந்த இடத்தில் நின்றாரா, ஒரு காலைத் தாண்டி வைத்தாரா என்பதில்தான் சண்டை.

அந்தக் கட்டுப்பாடுகள் என்னவென்று தெரியாமல் மில்லாய் கதை புரியாது. என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள். ஒவ்வொரு அணியும் பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் 90 பேரை வைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கும்போது 53 பேர்தான். மீதிப் பேர் ஆகஸ்ட் கடைசிக்குள் வெளியே. இதற்கு மேல் சம்பள உச்சவரம்பு ஒன்று 1994 முதல் இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளுக்குப் பணவரம்பு இருப்பது போலத்தான், ஆனால் வருடம் முழுக்கக் கழுத்தில் நிற்கும். 2003இல் ஏறக்குறைய 7.5 கோடி டாலர். 2024இல் 25.5 கோடி. எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் அதைத் தாண்ட முடியாது. வீரர்களின் ஒப்பந்தங்களில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. ஐந்து வருட ஒப்பந்தம் என்று செய்தித்தாளில் வரும், இரண்டாம் வருடம் ஆளை அனுப்பிவிடலாம். புதியவர்களைச் சேர்க்க டிராஃப்ட் என்று ஒரு முறை. கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், வீரர்களுக்கு ஈடாகவும் கொடுக்கலாம். நடைமுறையில் இந்த லீக்கின் இரண்டாவது நாணயமே இதுதான். லீக் தண்டனை கொடுக்கும்போது இந்த நாணயத்தைத்தான் பிடுங்குகிறது.

சுருக்கமாக, ஜெயிப்பவர்கள் ஜெயித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டிய லீக் இது. அதில் ஒரே அணி 2001 பருவம் தொடங்கி 2018 வரை ஒன்பது சூப்பர் பௌல் ஆடி ஆறில் வென்றது.

பெலிச்சிக் பொருளாதாரம் படித்தவர். அவருடைய அப்பா ஸ்டீவ், மேரிலாந்தில் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் பல பத்தாண்டுகள் இருந்தவர். எதிரணிகள் எப்படி ஆடுகின்றன என்று நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து சொல்வது அவர் வேலை. மகன் சிறு வயதிலேயே அப்பாவோடு உட்கார்ந்து ஆட்டப் படச்சுருள்களைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டார். எதிரியை உளவு பார்ப்பது அந்த வீட்டில் சோறு போட்ட கௌரவமான தொழில். பின்னால் வந்த கேமரா விவகாரத்தை யோசிக்கும்போது எனக்கு இந்தப் படம்தான் முதலில் மனதில் வருகிறது.

1991 முதல் 1995 வரை கிளீவ்லாந்தில் தலைமைப் பயிற்சியாளர். அங்கே 36 வெற்றி, 44 தோல்வி. அந்த ஊர்க்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பெர்னி கோசாரை 1993 பருவத்தின் நடுவிலேயே, திறமை மங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். ஊரே திரும்பிவிட்டது. பிறகு நியூயார்க் ஜெட்ஸ் அணியில் உதவியாளர். 2000 ஜனவரியில் அதன் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அறிமுகக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் ராஜினாமா என்று ஒற்றை வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பேட்ரியாட்ஸ் முதலாளி ராபர்ட் கிராஃப்ட் அவரை எடுத்துக்கொள்ள ஜெட்ஸுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்தார். கிளீவ்லாந்தில் தோற்ற ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவு விலையா என்று சிரித்தவர்கள் நிறையப் பேர்.

அந்த வருட டிராஃப்டில்தான் டாம் பிரேடி வந்தார், ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாக. இதைப் பேசாத ஆளே கிடையாது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்து நடந்த சின்ன விஷயம். 53 இடங்களே உள்ள அணியில் குவாட்டர்பேக்குகள் மூன்று பேருக்கு மேல் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பெலிச்சிக் நான்கு பேரை வைத்துக்கொண்டார். நான்காவது ஆள் பிரேடி. 5 வெற்றி, 11 தோல்வி என்று முடிந்த ஒரு மோசமான வருடத்தில், அநேகமாக ஆடவே போகாத ஒரு பையனுக்காக ஒரு இடத்தை முழுசாகக் கட்டிவைத்தார். அவரை அனுப்பியிருந்தால் வேறு யாராவது தூக்கியிருப்பார்கள், அல்லது யாருமே தூக்கியிருக்க மாட்டார்கள். இரண்டும் நடந்திருக்கக்கூடியவைதான்.

2001 மார்ச்சில் அணியின் முதல் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவுக்குப் பத்து வருடம், 10.3 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் மோதியதில் பிளெட்சோவுக்கு உள்ளே இரத்தக்கசிவு, உயிருக்கே ஆபத்து. பிரேடி இறங்கினார். நவம்பரில் பிளெட்சோ குணமாகித் திரும்பியபோது, இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காயத்தால் இழந்த இடத்தை ஆள் திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும் என்பது உடைமாற்றும் அறையின் எழுதாத சட்டம். அதற்கு மேல் பத்துக்கோடிக் கையெழுத்து. பெலிச்சிக் இரண்டையும் பார்க்கவில்லை. 2002 பிப்ரவரி 3 அன்று, எல்லோரும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று நினைத்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியை 20-17 என்று, கடைசி உதையில் தோற்கடித்தார்கள். ஏப்ரலில் பிளெட்சோ பஃபலோவுக்கு விற்கப்பட்டார், ஒரு முதல் சுற்றுத் தேர்வுக்கு.

ஆக, மில்லாயை அனுப்பியபோது அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: இங்கே யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. பெலிச்சிக்கின் தலைமை பேச்சில் கிடையாது. உணர்ச்சிவசப்பட்டுப் பேசி அணியை எழுப்பும் ஆளே இல்லை அவர். செய்தியாளர் கூட்டத்தில் முனகலாக நாலு வார்த்தை, அவ்வளவுதான். "உன் வேலையைச் செய்" என்பது அணியின் தாரக மந்திரம். வாரம்தோறும் ஆட்டப் படத்தைப் போட்டுத் தவறுகளைக் காட்டும்போது, பிரேடியையும் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுப்பார் என்று அங்கே ஆடிய பலர் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரரே வாயை மூடிக்கொண்டு கேட்கும்போது, நேற்று வந்த பையன் என்ன பேச முடியும்? அதே பிரேடி சந்தை விலைக்குக் குறைவாகவே பல வருடம் சம்பளம் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களிடம் "குறைத்துக்கொள்" என்று கறாராகக் கேட்க முடிந்தது அதனால்தான்.

53 இடங்களையும் அவர் பிழிந்து பயன்படுத்தினார். தடுப்பாட்டக்காரர் மைக் வ்ரேபலை, எதிரணியின் வெற்றிக் கோட்டுக்கு அருகில் வந்ததும் பந்து பிடிக்க அனுப்புவார். வ்ரேபல் தன் வாழ்நாளில் பிடித்த பந்துகள் மொத்தம் பன்னிரண்டு, பன்னிரண்டும் டச்டவுன் (கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி), அதில் இரண்டு சூப்பர் பௌலில். பந்து பிடிப்பவரான ட்ராய் பிரவுனை 2004இல் ஆள் பஞ்சம் வந்தபோது தடுப்பாட்டத்தில் நிறுத்தினார். 2003 நவம்பரில் டென்வரில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, தங்கள் கோட்டருகே மாட்டிக்கொண்ட அணி வேண்டுமென்றே பந்தை வெளியே எறிந்து எதிரணிக்கு இரண்டு புள்ளிகளைத் தானமாகக் கொடுத்தது. அந்த இரண்டைக் கொடுத்தால்தான் வசதியான இடத்திலிருந்து பந்தைத் தூர உதைக்கலாம். உதைத்தார்கள், பந்தைத் திரும்ப வாங்கினார்கள், 30-26 என்று வென்றார்கள். விதிப்புத்தகத்தை அதன் ஓரத்திலிருந்து படிப்பவருக்குத்தான் இது தோன்றும்.

சரி, இப்போது கேமராவுக்கு வருவோம்.

2007 செப்டம்பர் 9, பருவத்தின் முதல் ஆட்டம், ஜெட்ஸ் மைதானம். ஓரக்கோட்டில் நின்ற பேட்ரியாட்ஸ் வீடியோ உதவியாளர் ஒருவர் ஆட்டத்தை அல்ல, எதிர்ப்பக்கம் நின்ற ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் கைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே பிடித்துக் கேமராவைப் பறிமுதல் செய்தார்கள். ஜெட்ஸ் பயிற்சியாளர் எரிக் மான்ஜினி பெலிச்சிக்கிடமே தொழில் கற்று வளர்ந்தவர். அந்தக் கேமரா எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

கைகளில் என்ன இருக்கிறது என்றால், அப்போது தடுப்பாட்டத் திட்டங்கள் கைச்சைகையில்தான் போகும். 1994 முதல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ இருந்தது. தடுப்பாட்டக்காரர்களுக்கு அது கிடையாது. உதவிப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று தொப்பியைத் தொடுவார், நெஞ்சைத் தட்டுவார், அதற்கு ஒரு அர்த்தம். இந்தச் சைகைகளையும் அதற்கடுத்து நடந்த ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகராதி தயாராகிவிடும். கண்ணால் பார்த்துக் குறிப்பெடுத்தால் தப்பே இல்லை, எல்லா அணிகளும் செய்தன. ஓரக்கோட்டிலிருந்து கேமராவில் எடுப்பதுதான் தப்பு. 2006 செப்டம்பரில் லீக் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது.

பெலிச்சிக் சொன்ன விளக்கம்: விதியை நான் புரிந்துகொண்ட விதம் தவறு. எடுத்த படத்தை அதே ஆட்டத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் விதி, பின்னால் படிப்பதற்கு எடுக்கலாம் என்று அவர் நினைத்தாராம். இதை நான் நம்பவில்லை. விதிப்புத்தகத்தை வரி வரியாகப் படித்து அதில் ஓட்டை கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற ஒருவர், ஒரு சுற்றறிக்கையை மட்டும் தவறாகப் படித்தார் என்பது கொஞ்சம் அதிகம். லீக்கின் ஆணையர் ரோஜர் குடெலும் நம்பவில்லை. பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அதுதான் அனுமதிக்கப்பட்ட உச்சம். அணிக்கு இரண்டரை லட்சம். 2008 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வும் பறிபோனது.

ஆனால் இந்தத் தண்டனையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2007 டிராஃப்டின்போது செய்த ஒரு பண்டமாற்றில் சான் ஃபிரான்சிஸ்கோவின் 2008 முதல் சுற்றுத் தேர்வு பேட்ரியாட்ஸ் கையில் இருந்தது. லீக் பிடுங்கியது அவர்களுடைய சொந்தத் தேர்வை மட்டும். வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களையும் வென்று, சூப்பர் பௌல்வரை போய்த் தோற்றதால் அது 31ஆவது இடத்தில் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ மோசமாக ஆடியதால் அவர்களுடைய தேர்வு ஏழாவது இடம். பெலிச்சிக் அதை நியூ ஆர்லியன்ஸோடு மாற்றிப் பத்தாம் இடத்துக்கு இறங்கி, ஜெராட் மேயோ என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார். மேயோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

படம் எடுத்ததால் என்ன லாபம் கிடைத்தது என்பதை இனி யாரும் அளக்க முடியாது. ஏனென்றால் கைப்பற்றிய நாடாக்களை லீக்கே அழித்துவிட்டது. செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் இதைக் கேட்டுக் குடைந்தார். 2002 சூப்பர் பௌலுக்கு முன் ராம்ஸ் அணியின் ஒத்திகையைப் படம் பிடித்தார்கள் என்று ஒரு பாஸ்டன் நாளிதழ் எழுதியது. அது உண்மை இல்லை என்று சில மாதத்தில் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை யார் படித்தார்கள்? ராம்ஸ் ரசிகர்களில் பலர் இன்னும் அந்தப் பழைய செய்தியைத்தான் நம்புகிறார்கள். நாடாக்களை அழித்ததில் குடெல் செய்த பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். ஆதாரம் இருந்திருந்தால் குற்றம் இவ்வளவுதான் என்று ஒரு எல்லை போட்டிருக்கலாம். அழித்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம்.

தடுப்பாட்டத்துக்கும் ஹெல்மெட் ரேடியோ அடுத்த வருடமே, 2008இல் வந்துவிட்டது. அதோடு அந்த அகராதிக்கு வேலையே இல்லாமல் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய் வரலாம். 2009 முதல் 2011 வரை அந்த அணியில், எதிரணி வீரரை ஆட்டத்தைத் தொடர முடியாதபடி அடித்து வீழ்த்தினால் ரொக்கப் பரிசு என்று ஒரு ஏற்பாடு நடந்தது. 2012இல் வெளியே வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு பருவம் முழுக்கத் தடை. அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் போயின. வீரர்களுக்குக் கொடுத்த தடைகளை முன்னாள் ஆணையர் பால் டாக்லியபூ மேல்முறையீட்டில் ரத்து செய்தார். ஒரு மனிதனின் முழங்காலை உடைக்கக் காசு கொடுத்ததையும் கையசைவைப் படம் எடுத்ததையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேர்வுகளைக் கணக்குப் பார்த்தால், படம் எடுத்ததற்கு முதல் சுற்று, முழங்காலுக்கு இரண்டாம் சுற்று. இந்த லீக்கின் தண்டனைகளில் ஒழுங்கான விலைப்பட்டியல் எதுவும் கிடையாது.

2015 ஜனவரி 10. பிளேஆஃப் ஆட்டம், பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு எதிராக. இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கிய நிலையில் பெலிச்சிக் ஒரு வித்தை காட்டினார். தாக்குதல் ஆடும் அணியில் ஒவ்வொரு முறையும் பந்து பிடிக்கத் தகுதியில்லாத ஐந்து பேர் வரிசையில் நிற்க வேண்டும். வழக்கமாக அவர்கள் பெருத்த உடம்புக்காரர்கள், நடுவில் நிற்பார்கள். அன்று பெருத்தவர்களில் ஒருவரை வெளியே உட்காரவைத்து, பந்து பிடித்து ஓடும் ஷேன் வெரீனை "இவர் இந்த முறை தகுதியற்றவர்" என்று நடுவரிடம் பதிவு செய்து அனுப்பினார்கள். பால்டிமோர்க்காரர்கள் யாரைக் காப்பது என்று தெரியாமல் திணறினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஜான் ஹார்பா கோபத்தில் மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து அபராதம் வாங்கினார். 35-31, பேட்ரியாட்ஸ் வெற்றி. விதிப்புத்தகத்தைப் போய்ப் படிக்கட்டும் என்கிற மாதிரி பிரேடி பேட்டி கொடுத்தார். வித்தை முழுக்கச் சட்டப்படியானது. ஆனாலும் சில மாதத்தில் லீக் விதியை மாற்றியது.

எட்டு நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை 45-7 என்று நசுக்கிய ஆட்டத்தில், பந்துகளில் காற்று குறைவாக இருந்தது என்று புகார் கிளம்பியது. "விதிப்புத்தகத்தைப் படியுங்கள்" என்ற வாக்கியத்தைப் பிரேடியிடமே திருப்பி அடிக்க ஊர் காத்துக்கொண்டிருந்தது.

இந்த விவகாரத்தை நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இதில் பாதி பள்ளிக்கூட இயற்பியல். விதிப்படி பந்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பௌண்டு வரை இருக்க வேண்டும். தாக்குதல் ஆடும்போது ஒவ்வொரு அணியும் தன் சொந்தப் பந்துகளையே பயன்படுத்தும். இந்த விதி 2006இல் வந்ததற்குக் குரல் கொடுத்தவர்களில் பிரேடியும் ஒருவர். அவருக்குக் காற்று குறைந்த பந்து பிடிக்கும், அதனால் பேட்ரியாட்ஸ் தங்கள் பந்துகளைச் சரியாகக் கீழ் எல்லையான 12.5இல் வைப்பார்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அதே ஓரம்தான்.

ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் 12.5 என்று அடைத்த பந்தை 9 டிகிரிக் குளிரில் வெளியே கொண்டுபோனால், யாரும் தொடாமலே அழுத்தம் 11.3 அளவுக்கு இறங்கும். வாயுச் சமன்பாட்டைப் போட்டால் யாருக்கும் இந்த விடைதான் வரும். இடைவேளையில் பேட்ரியாட்ஸ் பந்துகள் பதினொன்றை இரண்டு கருவிகளால் அளந்தார்கள். ஒன்றில் சராசரி 11.49, இன்னொன்றில் 11.11. கருவிகளே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆட்டத்துக்கு முன் நடுவர் எந்தக் கருவியால் அளந்தார் என்பதும் உறுதியில்லை, அளந்த எண்ணை அவர் எழுதிவைக்கவும் இல்லை. முத்திரை போட்ட கருவியைத்தான் பயன்படுத்தியதாக அவருக்கு ஞாபகம். அது சரியென்றால் குளிரே எல்லாவற்றையும் விளக்கிவிடும். விசாரித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் அந்த ஞாபகத்தை ஏற்காமல் மற்றதைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். கோல்ட்ஸ் பந்துகளில் நான்கைத்தான் அளக்க நேரம் இருந்தது. அதற்குள் அவை வெப்பமான அறையில் கிடந்து கொஞ்சம் தேறியிருக்கும். இந்த எண்களை வைத்து எந்தப் பள்ளி ஆசிரியரும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் மதிப்பெண் போட மாட்டார்.

இயற்பியல் பேட்ரியாட்ஸ் பக்கம் சாய்ந்தால், மீதி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. நடுவர் அறையில் பந்துகளைப் பார்த்துக்கொள்ளும் பேட்ரியாட்ஸ் ஊழியர் அந்தப் பையை மைதானத்துக்கு எடுத்துப் போகும் வழியில் ஒரு கழிப்பறைக்குள் நுழைந்து ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருந்தார். அதே ஊழியர் பல மாதங்களுக்கு முன் அனுப்பிய குறுஞ்செய்தியில் தன்னைத் தானே "காற்று இறக்குபவன்" என்று அழைத்துக்கொண்டிருந்தார். உடல் எடையைக் குறைப்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று அணி கொடுத்த விளக்கத்தை அவர்களுடைய ரசிகர்களே சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. விசாரணைக்குப் போகும் சமயத்தில் பிரேடி தன் பழைய கைப்பேசியை அழிக்கச் சொல்லியிருந்தார். 2015 மே 6 அன்று வெளியான 243 பக்க அறிக்கை, ஊழியர்கள் காற்றை இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம், பிரேடிக்குப் பொதுவாகவாவது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றது. பெலிச்சிக்குக்குத் தொடர்பில்லை என்றும் சொன்னது.

பெலிச்சிக் அந்த ஜனவரியில் பேசிய விதம் கவனிக்க வேண்டியது. பந்தின் காற்றைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, பிரேடியின் விருப்பங்களைப் பிரேடியிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதினைந்து வருடம் தோளோடு தோள் நின்ற ஆளைச் செய்தியாளர்கள் முன்னால் அப்படித் தனியாக விட்டதை எத்தனையோ பேர் குறித்துவைத்துக்கொண்டார்கள். "உன் வேலையைச் செய்" என்பதன் மறுபக்கம் அது.

தண்டனை: பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர், ஒரு முதல் சுற்றுத் தேர்வு, ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு. நீதிமன்றத்தில் செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை நீக்கினார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பப் போட்டது. பிரேடி காற்றை இறக்கச் சொன்னாரா என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. வீரர் சங்கம் கையெழுத்திட்ட தொழிலாளர் ஒப்பந்தம் ஆணையருக்கு இப்படித் தண்டிக்க அதிகாரம் கொடுக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கொடுக்கிறது என்றார்கள். 2016 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்கள் பிரேடி இல்லாமல் நடந்தன, அணி மூன்றில் வென்றது. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் அட்லாண்டாவிடம் 28-3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தார்கள். கோப்பையைக் குடெல் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது. காற்று விவகாரத்துக்குப் பிறகு, 2015 பருவத்தில் லீக் பல ஆட்டங்களில் பந்துகளை அங்கங்கே சோதித்தது. அந்த எண்களை வெளியிடவே இல்லை.

இவ்வளவு பலவீனமான அளவீட்டின் மேல் இவ்வளவு பெரிய தண்டனை நின்றது எப்படி? 2007தான் காரணம். வேறு ஒரு அணியாக இருந்திருந்தால் குளிர் என்று சொல்லி முடித்திருப்பார்கள். அட்லாண்டா தன் அரங்கில் செயற்கையாகக் கூட்டச் சத்தம் ஒலிபரப்பியது அதே 2015இல்தான் தண்டிக்கப்பட்டது. மூன்றரை லட்சம் டாலர், ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வு. இன்று அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஆட்களைக் கறாராக எடைபோடும் பழக்கம் எப்போதும் பலித்ததா என்றால், இல்லை. மால்கம் பட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்டில் யாருமே தேர்ந்தெடுக்காத ஆள். 2015 பிப்ரவரி 1 சூப்பர் பௌலின் கடைசி நொடிகளில், சியாட்டில் வெற்றிக் கோட்டுக்கு ஒரு கஜம் தூரத்தில் எறிந்த பந்தைப் பறித்து ஆட்டத்தையே மாற்றினார். பெலிச்சிக் முறையின் வெற்றிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மூன்று வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான சூப்பர் பௌலில், அந்தப் பருவம் முழுக்க ஆடிய அதே பட்லரைத் தடுப்பாட்டத்தில் ஒரு முறைகூட இறக்கவில்லை. எதிரணி 41 புள்ளி எடுத்தது, பேட்ரியாட்ஸ் 33 எடுத்துத் தோற்றது. அணிக்கு எது நல்லது என்று நினைத்தோமோ அதைச் செய்தோம் என்பதற்கு மேல் பெலிச்சிக் விளக்கவில்லை. அன்றிரவு ஓரத்தில் நின்று பட்லர் அழுத காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. வெற்றி பெறும்வரை "காரணம் சொல்ல மாட்டேன்" என்பது தலைமைப் பண்பு. தோற்ற மறுநாள் அது வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

2019 டிசம்பரில் இன்னொரு கேமரா. அணியின் வீடியோக் குழு, ஏதோ ஆவணத் தொடருக்காகக் கிளீவ்லாந்து போனபோது, அடுத்த வாரம் தாங்கள் மோதவிருந்த சின்சினாட்டி அணியின் ஓரக்கோட்டைப் படம் எடுத்தது. 11 லட்சம் டாலர், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு. பயிற்சிக் குழுவுக்குத் தொடர்பில்லை என்றே அணி சொன்னது, அது நிஜமாகவே முட்டாள்தனமாக இருந்திருக்கலாம். யாரும் கேட்கத் தயாராக இல்லை.

அதே பருவத்தின் அக்டோபரில், ஜெட்ஸை 33-0 என்று அடித்துக்கொண்டிருந்தபோது, பெலிச்சிக் வேண்டுமென்றே சிறு சிறு தவறுகளைச் செய்யவைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டார். தவறுக்கு ஐந்து கஜம் அபராதம், ஆனால் கடிகாரம் நிற்காது. விதியில் இருந்த ஓட்டை அது. ஓரத்தில் நின்று அவர் சிரித்தார், அவர் முகத்தில் அது அபூர்வம். 2020 ஜனவரி 4, பிளேஆஃப். டென்னஸி டைட்டன்ஸ் அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அதே ஓட்டை வழியாக ஒரு நிமிடத்துக்கு மேல் கடிகாரத்தைக் கரைத்தது. பெலிச்சிக் ஓரத்தில் நின்று கத்தினார். டைட்டன்ஸ் பயிற்சியாளர் மைக் வ்ரேபல், பன்னிரண்டு பந்துகள் பிடித்த அதே வ்ரேபல். 2009இல் இன்னொரு வீரரோடு சேர்த்து, ஒரே ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்காகப் பெலிச்சிக் அவரைக் கான்சாஸ் சிட்டிக்கு அனுப்பியிருந்தார். 20-13 என்று டைட்டன்ஸ் வென்றது. பேட்ரியாட்ஸ் சட்டையில் பிரேடி ஆடிய கடைசி ஆட்டம் அது. லீக் அந்த ஓட்டையை அடைத்தது.

மார்ச்சில் பிரேடி டாம்பா பே அணிக்குப் போனார், வயது 42. ஒரு வருடம் தாமதமாக விற்பதைவிட ஒரு வருடம் முன்னதாக விற்பது மேல் என்று பேஸ்பால்காரர்கள் பழைய வாக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பெலிச்சிக் மில்லாயிலிருந்து எல்லோரிடமும் அந்தக் கணக்கைத்தான் போட்டார். இந்த ஒரு முறை கணக்கு தப்பியது. 2021 பிப்ரவரியில் பிரேடி டாம்பாவில் ஏழாவது சூப்பர் பௌலை வென்றார். பிரேடி இல்லாத நான்கு பருவங்களில் பெலிச்சிக் 29 வெற்றி, 38 தோல்வி. 2022இல் தடுப்பாட்டப் பயிற்சியாளராகப் பெயரெடுத்த மாட் பட்ரீசியாவிடம் தாக்குதல் ஆட்டத்தை ஒப்படைத்தார். யாரை எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம் என்பது வ்ரேபல் விஷயத்தில் வேலை செய்ததென்றால் எல்லா இடத்திலும் செய்ய வேண்டுமா என்ன. 2023 பருவம் 4-13. 2024 ஜனவரி 11 அன்று கிராஃப்டும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிரிவை அறிவித்தார்கள்.

அவருடைய இடத்துக்குக் கிராஃப்ட் தேர்ந்தெடுத்தவர் ஜெராட் மேயோ, கேமராத் தண்டனைக்கு அடுத்த வருடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் புண்ணியத்தால் வந்த அந்த வீரர். அவரும் 4-13. ஒரே பருவத்தில் அவரை அனுப்பிவிட்டு, 2025 ஜனவரியில் கிராஃப்ட் வ்ரேபலைக் கூப்பிட்டார்.